சதவீதம் போடுவதற்கு முன் ‘இல்’ எங்கே என்று பாருங்கள்

நிகழ்வெண் அட்டவணையில் (எது எத்தனை முறை வந்தது என்று எண்ணிய அட்டவணை) இருக்கிற எண்ணிக்கைகளைச் சதவீதமாக மாற்றுவது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒரு வரி விடையைத்தான். அந்த ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. புள்ளியியல் கணக்குக்கான ஆர் மொழியில் டேபிள் ஃபங்ஷனால் எண்ணி, வந்ததை ப்ராப்.டேபிள் ஃபங்ஷனுக்குள் கொடுத்து, 100ஆல் பெருக்கி, ரவுண்ட் போட்டால் முடிந்தது. (ப்ராப்.டேபிளுக்கு இப்போது ப்ரப்போர்ஷன்ஸ் என்று ஒரு புதுப் பெயரும் உண்டு. வேலை ஒன்றுதான், பழைய பெயரும் ஓடும்.) பைத்தானில் பாண்டாஸ் என்ற தரவுத் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் வேல்யூ_கவுண்ட்ஸ் அழைக்கும்போது நார்மலைஸ் = ட்ரூ என்று கொடுத்தால் விகிதம் வந்துவிடும், நூறால் பெருக்குவது மட்டும் நம் பொறுப்பு. மாறி (பாலினம், வகுப்பு மாதிரி எண்ணுகிற தகவல்) ஒன்றே ஒன்று, விடுபட்ட மதிப்பு எதுவும் இல்லை என்றால் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது மாறி ஒன்று சேர்ந்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இரண்டு மாறிகள் உள்ள அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்து எண்ணுக்கும் மூன்று சதவீதங்கள் உண்டு. மூன்றும் கணக்குப்படி சரி, ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எது வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் மென்பொருள் தன் வழக்கப்படி ஒன்றைக் கொடுத்துவிடும், நாம் மனதில் வைத்திருந்த கேள்வி என்ன என்று அதற்குத் தெரியாது.

எண்களோடு பார்த்தால் இது சட்டென்று புரியும். ஆர் மொழியோடு கூடவே வருகிற டைட்டானிக் தரவை எடுத்துக்கொள்வோம். 1912இல் மூழ்கிய அந்தக் கப்பலில் இருந்த 2201 பேரை வகுப்பு, பாலினம், வயது, பிழைத்தார்களா இல்லையா என்று நான்கு மாறிகளில் எண்ணி வைத்திருக்கிறார்கள். வகுப்பையும் பிழைத்ததையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் வகுப்பில் 325 பேர் இருந்தார்கள், அவர்களில் 203 பேர் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 285 பேருக்கு 118 பேர், மூன்றாம் வகுப்பில் 706 பேருக்கு 178 பேர், கப்பல் ஊழியர்களில் 885 பேருக்கு 212 பேர். மொத்தம் பிழைத்தவர்கள் 711, இறந்தவர்கள் 1490.

ஊழியர்கள் கட்டத்தில் இருக்கிற அந்த 212ஐ மட்டும் பாருங்கள். அதை 885ஆல் வகுத்தால் 24.0 சதவீதம். 711ஆல் வகுத்தால் 29.8. 2201ஆல் வகுத்தால் 9.6. இதில் எது சரி என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. ஊழியர்களில் 24.0 சதவீதம் பேர் பிழைத்தார்கள், பிழைத்தவர்களில் 29.8 சதவீதம் பேர் ஊழியர்கள், கப்பலில் இருந்தவர்களில் 9.6 சதவீதம் பேர் பிழைத்த ஊழியர்கள். மூன்று வாக்கியங்களும் உண்மை.

ஆனால் இந்த மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் பிழைத்தவர்களின் சதவீதம் 62.5, 41.4, 25.2, 24.0 என்று இறங்கிக்கொண்டே போகிறது, ஊழியர்கள்தான் கடைசி. பிழைத்த 711 பேரை வகுப்புவாரியாகப் பிரித்தாலோ 28.6, 16.6, 25.0, 29.8 என்று வருகிறது, இங்கே ஊழியர்கள்தான் முதலிடம். இரண்டாவது எண்களை வைத்துக்கொண்டு “ஊழியர்கள்தான் அதிகம் தப்பித்திருக்கிறார்கள்” என்று ஒருவர் எழுதிவிட்டால், நான்கு பிரிவுகளிலேயே தப்பிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களைப் பற்றி நேர்மாறாகச் சொல்லியிருப்பார். ஊழியர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், அதனால் பிழைத்தவர்களிலும் அவர்கள் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

நானே இதே தவறைச் செய்திருக்கிறேன். ஒரு கணக்கெடுப்பின் முடிவை அட்டவணையாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள், நிரையில் 100 வரவேண்டிய இடத்தில் நிரலில் 100 வருகிற மாதிரி கொடுத்துவிட்டேன். (குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல், பள்ளியில் அணிகள் பாடத்தில் படித்த அதே சொற்கள்தான்.) ப்ரோகிராம் ஓடியது, பிழைச்செய்தி வரவில்லை, எண்களும் நம்பும்படியாகவே இருந்தன, கூட்டத்தில் அதை வைத்துப் பேசியும் முடித்துவிட்டார்கள். சில நாட்கள் கழித்து வேறொரு வேலைக்காக அதே அட்டவணையைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. திருத்தி அனுப்பினேன், ஆனால் முதலில் பார்த்த எண்தான் எல்லோர் மனதிலும் நின்றது. அந்த வருத்தத்தில்தான், மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

சோதனை இதுதான்: என்ன சொல்லப் போகிறோமோ அதை முதலில் ஒரு தமிழ் வாக்கியமாக எழுதிவிடுவது, எண் இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்டு. “ஊழியர்களில் ___ சதவீதம் பேர் பிழைத்தார்கள்.” இதில் ‘இல்’ எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது? ஊழியர்கள். அப்படியானால் வகுக்கவேண்டியது ஊழியர்களின் மொத்தத்தால், 885. “பிழைத்தவர்களில் ___ சதவீதம் பேர் ஊழியர்கள்.” இங்கே ‘இல்’ பிழைத்தவர்களோடு ஒட்டுகிறது, வகுக்கவேண்டியது 711ஆல். ஏழாம் வேற்றுமை உருபு எந்தக் கூட்டத்தின் பெயரோடு சேர்கிறதோ அந்தக் கூட்டம்தான் பின்னத்தின் பகுதி, அதாவது கீழே இருக்கவேண்டிய எண். சில சமயம் ‘இடையே’ என்றோ ‘உள்’ என்றோ வேறு உடையில் வரும், ஆனால் வேலை அதேதான். நம் மொழி பகுதியை இவ்வளவு வெளிப்படையாகக் கையில் கொடுக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல், எந்தத் திசையில் 100 வரவேண்டும் என்று ப்ராப்.டேபிளுக்குச் சொல்கிற மார்ஜினுக்கு 1 போடுவதா 2 போடுவதா என்று மாறி மாறிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

‘இல்’ கிடைத்துவிட்டால் மென்பொருளிடம் சொல்வது சுலபம். அந்தக் கூட்டம் அட்டவணையின் நிரைகளில் இருந்தால் ஆரில் மார்ஜின் = 1, ஒவ்வொரு நிரையும் தனியாக 100 ஆகும். நிரல்களில் இருந்தால் மார்ஜின் = 2. எதையும் கொடுக்காவிட்டால் மொத்த அட்டவணையும் சேர்ந்து 100. பாண்டாஸின் கிராஸ்டேப்பில் இதே மூன்றுக்கும் நார்மலைஸ் என்ற இடத்தில் ‘இண்டெக்ஸ்’, ‘காலம்ஸ்’, ‘ஆல்’ என்று எழுதவேண்டும். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் டேபுலேட் கட்டளைக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்து ரோ, காலம், செல் என்று வேண்டியதைக் கேட்கலாம். சாஸ் என்ற மென்பொருள் மட்டும் தனி ரகம், அதன் ப்ராக் ஃப்ரீக் கேட்காமலேயே ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை, மொத்தச் சதவீதம், நிரைச் சதவீதம், நிரல் சதவீதம் என்று நான்கையும் அடுக்கிவிடும், வேண்டாததை நாம்தான் நிறுத்தவேண்டும். எனக்கு அது பிடிப்பதில்லை. நான்கு எண்களைப் பார்க்கிறவர் தனக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொள்வார்.

எந்த மென்பொருளானாலும் வந்ததைக் கூட்டிப் பார்ப்பது பத்து விநாடி வேலை. நிரையில் 100 வருகிறதா, நிரலில் வருகிறதா, மூலையில் வருகிறதா என்று பார்த்தாலே என்ன கணக்கு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஃபங்ஷன் வேண்டாம், நானே வகுத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஆரில் ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கிறது. அட்டவணையை ரோசம்ஸ் தருகிற நிரைக்கூட்டுத்தொகைகளால் நேராக வகுத்தால் சரியான விடை வரும். அதே போலத்தானே என்று நினைத்து கால்சம்ஸ் தருகிற நிரல் கூட்டுத்தொகைகளால் வகுத்தால் தவறான விடை வரும், அதுவும் சத்தமே இல்லாமல். ஆர் அட்டவணையை நிரல் நிரலாகத்தான் நினைவகத்தில் வைத்திருக்கிறது. வகுக்கிற எண்கள் தீர்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வகுத்துக்கொண்டே போகும். டைட்டானிக் அட்டவணையில் நான்கு நிரை, இரண்டு நிரல். கூட்டுத்தொகைகள் 1490, 711. இறந்தவர்கள் நிரலில் முதல் வகுப்பின் 122 வகுக்கப்படவேண்டிய 1490ஆலேயே வகுக்கப்படும், அதற்குக் கீழே இருக்கிற இரண்டாம் வகுப்பின் 167 போய் 711ஆல் வகுக்கப்படும். 11.2 வரவேண்டிய இடத்தில் 23.5 வரும். எட்டுக் கட்டங்கள், இரண்டு எண்கள், மீதமில்லாமல் பொருந்திவிடுவதால் எச்சரிக்கைகூட வராது. ப்ராப்.டேபிள் உள்ளே ஸ்வீப் என்ற ஃபங்ஷனைக் கொண்டு இந்தத் திசையைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறது, அதனால்தான் கையால் வகுக்காதீர்கள் என்கிறேன். பாண்டாஸில் நிலைமை தலைகீழ். டேட்டாஃப்ரேமை (அதன் அட்டவணைக்கு அதுதான் பெயர்) நிரைக்கூட்டுத்தொகைகளால் சும்மா வகுத்தால் அது நிரல் பெயர்களோடு பொருத்தப் பார்த்து, பொருந்தாமல், கட்டம் முழுக்க வெறும் விடுபட்ட மதிப்புகளாக நிரப்பிவிடும். டிவ் என்ற மெத்தடில் ஆக்ஸிஸ் = 0 என்று சொன்னால்தான் சரியாகும். குறைந்தபட்சம் அங்கே தவறு நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது.

வரிசைமுறையும் முக்கியம். ஆரில் ஆட்மார்ஜின்ஸ் போட்டுக் கூட்டுத்தொகையைச் சேர்த்துவிட்டு அதற்கப்புறம் ப்ராப்.டேபிள் போட்டால், மொத்தமும் ஒரு பிரிவாக எண்ணப்பட்டு, ஒரு மாறி உள்ள அட்டவணையில் எல்லாச் சதவீதமும் பாதியாகிவிடும். இரண்டு மாறி என்றால் கால்வாசி. முதலில் சதவீதம், பிறகு கூட்டுத்தொகை. ஆரில் டிப்ளையர் என்ற கூடுதல் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. ‘கவுண்ட்’ கொண்டு இரண்டு மாறிகளையும் எண்ணிவிட்டு எண்ணிக்கையை அதன் கூட்டுத்தொகையால் வகுத்தால் மொத்தத்தில் சதவீதம் வரும். ‘குரூப்_பை’ போட்டு ‘சம்மரைஸ்’ கொண்டு எண்ணினால் கடைசி மாறியின் குழு மட்டும் கலைந்து முதல் மாறியின் குழு அப்படியே நிற்கும், அதனால் அடுத்த வரியில் வகுப்பது அந்தக் குழுவுக்குள் மட்டும் நடக்கும். வகுக்கிற கட்டளை ஒன்றுதான், விடை வேறு. மாறிகளின் வரிசையை மாற்றி எழுதினால் மூன்றாவதும் வரும். குழு எதுவென்று நாமே சொல்லி வகுப்பதுதான் நல்லது.

ஏற்கனவே எண்ணி வைத்த தரவை மறுபடி எண்ணுவது இன்னொன்று. டைட்டானிக் தரவை டேட்டாஃப்ரேமாக மாற்றினால் 32 நிரைகள் வரும், ஒவ்வொரு நிரையிலும் எத்தனை பேர் என்பது ஃப்ரீக் என்ற தனி நிரலில் இருக்கும். அதைக் கவனிக்காமல் வகுப்பின் மேல் டேபிள் போட்டால் நான்கு வகுப்புகளுக்கும் எட்டு எட்டாக வந்து, ஒவ்வொன்றும் அழகாக 25 சதவீதம் என்று நிற்கும். அது எண்ணியது ஆட்களை அல்ல, நிரைகளை. ஆரின் எக்ஸ்டேப்ஸ் ஃபங்ஷனில் ஃப்ரீக்கை இடதுபக்கம் கொடுத்தால் ஆட்களை எண்ணும். எடையிட்ட (ஒவ்வொருவரையும் ஒன்று என்று எண்ணாமல் அவருக்குரிய எடையால் எண்ணுகிற) கணக்கெடுப்புத் தரவுக்கும் இதே வழிதான். எல்லாச் சதவீதமும் சமமாக வந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

சரி, விடுபட்ட மதிப்புகளுக்கு வருவோம். ஆரின் டேபிளும் பாண்டாஸின் வேல்யூ_கவுண்ட்ஸும் விடுபட்டவற்றை வழக்கமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. 200 பேரிடம் கேள்வி கேட்டு, 90 பேர் ஆம், 60 பேர் இல்லை, 50 பேர் பதிலே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ஆம் 60 சதவீதம் என்று சொல்லும். கேட்கப்பட்ட எல்லோரையும் சேர்த்தால் 45. பாதிக்கு மேலா கீழா என்பதே மாறிப்போகிறது. மறுபடியும் ‘இல்’ தான்: பதில் சொன்னவர்களில் 60, கேட்கப்பட்டவர்களில் 45. இந்த விஷயத்தில் எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருள் செய்வது எனக்குப் பிடிக்கும், அது விடுபட்டவற்றைச் சேர்த்து ஒரு நிரல், சேர்க்காமல் ஒரு நிரல் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஆரில் யூஸ்என்ஏ = “இஃப்எனி”, பாண்டாஸில் ட்ராப்என்ஏ = ஃபால்ஸ் என்று கொடுத்தால் விடுபட்டவர்கள் தனிப் பிரிவாக வருவார்கள். முதல் தடவை எப்போதும் அப்படித்தான் எண்ணவேண்டும் என்பது என் கருத்து, பிறகு வேண்டுமானால் நீக்கிக்கொள்ளலாம்.

முழு எண் வகுத்தல் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பைத்தான் 2இல் 203ஐ 2201ஆல் வகுத்தால் விடை 0. பைத்தான் 3 அதைச் சரிசெய்துவிட்டது, ஆனால் பல எஸ்க்யூஎல் தரவுத்தளங்களில் இரண்டு முழு எண்களை வகுத்தால் இன்றும் தசமம் வெட்டப்படும். 100.0ஆல் முதலில் பெருக்கிவிட்டு அப்புறம் வகுங்கள்.

முழுமைப்படுத்துவதில் எல்லோருக்கும் வருகிற சந்தேகம், ஏன் கூட்டினால் 100 வரவில்லை என்பது. மேலே பிழைத்தவர்களின் பங்கை முழு எண்ணாக்கினால் 29, 17, 25, 30. கூட்டினால் 101. இரண்டு தசமம் வைத்தால் 28.55, 16.60, 25.04, 29.82, கூட்டினால் 100.01. ஒரு தசமத்தில்தான் சரியாக 100.0 வருகிறது, அது தற்செயல். சிலர் 100 வரவேண்டும் என்பதற்காக ஏதாவது ஒரு எண்ணில் ஒன்றைக் குறைத்துவிடுவார்கள். முறையாகச் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் கீழ்நோக்கி வெட்டிவிட்டு, அதிக மிச்சம் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் 28, 17, 25, 30 என்று 100 வந்துவிடும், ஆனால் 28.55 என்பதை 28 என்று அச்சிட்டிருப்போம். அதைவிட 101 என்றே விட்டுவிட்டு, முழுமைப்படுத்தியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம் என்று கீழே ஒரு வரி எழுதுவது நேர்மையானது.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. எட்டுப் பேரில் ஒருவர் என்றால் 12.5, மீதி ஏழு பேர் 87.5. ஆரும் பைத்தானும் சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும், அதனால் 12, 88 என்று 100 ஆகிறது. எக்ஸெல் போன்ற விரிதாளில் ரவுண்ட் போட்டால் 13, 88, மொத்தம் 101. ஒரே தரவு இரண்டு இடத்தில் வேறு எண் காட்டுகிறதே என்று யாராவது கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

மூன்று மாறிகள் வந்தால்? ஆரில் இருக்கிற இன்னொரு தரவு, 1973இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆறு பெரிய துறைகளில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த 4526 பேரைப் பற்றியது. ஆண்களில் 2691 பேருக்கு 1198 பேர், அதாவது 44.5 சதவீதம், அனுமதி பெற்றார்கள். பெண்களில் 1835 பேருக்கு 557 பேர், 30.4 சதவீதம். பாகுபாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்ளிகேஷன்களைத் துறைவாரியாகப் பிரித்தால் ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் சதவீதம்தான் அதிகம். ஏ துறையில் ஆண்கள் 62.1, பெண்கள் 82.4. காரணம், எளிதில் இடம் கிடைத்த ஏ, பி துறைகளுக்கு 1385 ஆண்கள் விண்ணப்பித்திருந்தார்கள், பெண்கள் 133 பேர் மட்டும்தான். பெண்கள் அதிகம் போனது இடம் கிடைப்பது கடினமாக இருந்த துறைகளுக்கு. 1975இல் சயன்ஸ் இதழில் பிக்கல், ஹாமெல், ஓ’கானல் மூவரும் இதை எழுதினார்கள், மொத்தமாகப் பார்த்தால் ஒரு முடிவும் பிரித்துப் பார்த்தால் அதற்கு எதிரான முடிவும் வருகிற இதைச் சிம்ப்ஸன் முரண் என்று பாடம் நடத்தும் இடமெல்லாம் இந்த அட்டவணை வரும்.

வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: “ஏ துறையில், விண்ணப்பித்த பெண்களில் ___ சதவீதம் பேர் அனுமதி பெற்றார்கள்.” இரண்டு ‘இல்’ இருக்கிறது. அதனால் மார்ஜினிலும் இரண்டு எண்கள். அந்தத் தரவில் அனுமதி முதல் மாறி, பாலினம் இரண்டாவது, துறை மூன்றாவது, ஆகவே 2, 3 இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். 2 மட்டும் கொடுத்தால் வருகிற எண்களில் துறையும் கலந்துபோயிருக்கும்.

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் பகுதி சின்னதாகிக்கொண்டே வரும் என்பதையும் மறக்கக்கூடாது. டைட்டானிக்கில் முதல் வகுப்புக் குழந்தைகளில் 100 சதவீதம் பேர் பிழைத்தார்கள், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிலும் 100 சதவீதம். முதலாவது 6 குழந்தைகள், இரண்டாவது 24. மூன்றாம் வகுப்பில் 79 குழந்தைகளில் 27 பேர், 34.2 சதவீதம். ஒரு பிரிவில் ஆளே இல்லை என்றால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து எண்ணே அல்லாத ஒன்று அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அதையும் 0 சதவீதம் என்று மாற்றிவிடாதீர்கள், அங்கே யாரும் இல்லை என்பதும் யாரும் பிழைக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. நான் இப்போது அட்டவணை போடும்போது நிரல் தலைப்பில் வெறுமனே ‘சதவீதம்’ என்று எழுதுவதில்லை, ‘அந்த வகுப்புக் குழந்தைகளில் பிழைத்தவர்கள், சதவீதம்’ என்று நீளமாகவே எழுதி, பக்கத்து நிரலில் 6, 24, 79 என்று மொத்தத்தையும் வைத்துவிடுகிறேன்.